திறப்பு விழா இல்லாத காசைக் கேளுங்கள்

கண்டியிலும் சுற்றுப்புறத் தோட்டங்களிலும் புற்றுநோய் வைத்திய வசதிக்காக எம்.பி.மாரைப் பார்க்கக் கிளம்பியிருக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு,

நான் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக வேலை பார்த்து பென்ஷன் எடுத்தவன். கச்சேரிக் கூட்டங்களில் பின்வரிசையில் இருந்து, எந்தக் கோரிக்கை கூட்டக் குறிப்பில் ஏறுகிறது, எது "பார்ப்போம்" என்ற ஒரு சொல்லோடு போய்விடுகிறது என்று கவனித்துப் பழகியவன். எப்படித் தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு ஞாபகம் வருகிற ஒழுங்கில் சொல்கிறேன். திருப்பிப் பார்க்க லேசாக இருக்கட்டும் என்றுதான் எண் போட்டிருக்கிறேன்.

1. ஓர் ஆளுக்காகப் போவதும் ஓர் ஊருக்காகப் போவதும் வேறு வேறு வேலைகள். எம்.பி. காரியாலயத்து வாசலில் நிற்கும் சனத்தில் பலர் ஒரு நோயாளிக்கு உதவி கேட்டு வந்தவர்கள். ஒருவருக்கு ஊசி மருந்து வாங்கக் காசு வேண்டும், இன்னொருவருக்கு மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய்வர வழி வேண்டும். அவர்களை வரிசையிலிருந்து விலக்கிவிட்டு நீங்கள் முன்னுக்குப் போகாதீர்கள். ஜனாதிபதி நிதியத்தின் வைத்திய உதவிக்கு 2025 பெப்ரவரியிலிருந்து பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பம் கொடுக்கலாம் என்பதைச் சொல்லிக் கொடுங்கள். அதற்கு எம்.பி.யின் கடிதம் தேவையில்லை. உங்கள் வேலை வேறு. அடுத்த ஆண்டு அதே வாசலில் வந்து நிற்கப்போகிறவர்களின் தொகையைக் குறைப்பதற்கு அரசாங்கத்தின் வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரியை வாங்குவதுதான் அது. இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதினால், எம்.பி. நோயாளிக்குக் கொஞ்சம் காசு கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வார். வரவு செலவுத் திட்டத்து வரி அப்படியே மறந்து போகும்.

2. எது யாருடைய பொறுப்பு என்று தெரிந்துகொண்டு போங்கள். கண்டி தேசிய வைத்தியசாலையும் பேராதனைப் போதனா வைத்தியசாலையும் கொழும்பிலுள்ள சுகாதார அமைச்சுக்கு நேரடியாகக் கட்டுப்பட்டவை. பிரதேச வைத்தியசாலைகளும், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளும், அவை நடத்தும் கிளினிக்குகளும் மாகாணத்தின் கீழ் வருகின்றன. கண்டி நகர எல்லைக்குள் மாநகர சபைக்கும் தனியாகச் சுகாதாரப் பிரிவு இருக்கிறது. மாநகர உறுப்பினரிடம் போய்க் கதிர்வீச்சு இயந்திரம் கேட்டால் அவரும் தலையாட்டுவார், நீங்களும் சந்தோஷமாகத் திரும்புவீர்கள், ஒன்றும் நடக்காது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மத்திய மாகாண சபையின் பதவிக்காலம் 2018இல் முடிந்தது. நான் இதை எழுதும்வரை அடுத்த தேர்தல் நடக்கவில்லை. தோட்டத்துப் பெண்கள் போகும் சுகவனிதையர் கிளினிக்கைப் பற்றிக் கேள்வி கேட்க வேண்டிய மக்கள் பிரதிநிதியின் கதிரையே காலியாகக் கிடக்கிறது. ஆளுநருக்கு எழுதத்தான் வேண்டும். ஆனால் அவர் உங்கள் வாக்கால் வந்தவரல்ல. ஆகவே அவருக்கு எழுதும் ஒவ்வொரு கடிதத்தின் பிரதியையும் மாவட்டத்து எம்.பி.மாருக்கு அனுப்புங்கள். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் மாகாண அதிகாரிகளும் எம்.பி.மாரும் ஒரே மேசையில் இருப்பார்கள். மாகாணக் காரியம் கேட்க இப்போதைக்கு அதைவிட நல்ல இடம் இல்லை.

3. நான் சொல்ல வந்த விஷயமே இதுதான். மற்றதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

அரச செலவில் மூலதனச் செலவு, மீண்டெழும் செலவு என்று இரண்டு உண்டு. கட்டடம், இயந்திரம், வாகனம் எல்லாம் முதலாவது வகை. மருந்து, சம்பளம், மின்சாரக் கட்டணம், இயந்திரத்தின் பராமரிப்பு ஒப்பந்தம் எல்லாம் இரண்டாவது. முதலாவதற்கு அடிக்கல் உண்டு, பெயர்ப்பலகை உண்டு, ரிப்பன் உண்டு. அதைக் கேட்டால் எந்தக் கட்சி எம்.பி.க்கும் முகம் மலரும். இரண்டாவதற்கு ஒரு விழாவும் கிடையாது. நோயாளி பிழைப்பது பெரும்பாலும் இரண்டாவதில்தான் தங்கியிருக்கிறது.

"கரண்ட் பிடிப்பது" என்று நம் சனம் சொல்லும் கதிர்வீச்சு வைத்தியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அநேகமாகக் கிழமைக்கு ஐந்து நாள் வீதம் ஐந்தாறு கிழமைகளுக்கு அதைத் தொடர்ந்து கொடுக்கவேண்டும். கழுத்திலோ வாயிலோ கருப்பைக் கழுத்திலோ வரும் புற்றுநோய்க்கு இந்தத் தொடர் இடையில் அறுந்து நாள் இழுபட்டால் வைத்தியத்தின் பலன் குறைகிறது. இயந்திரம் பழுதாகி ஒரு கிழமை நின்றால், ஏற்கெனவே பாதி வைத்தியம் எடுத்தவர், புதிதாகத் தொடங்க இருந்தவர் இரண்டு பேருமே பாதிக்கப்படுகிறார்கள். புசல்லாவையிலிருந்தோ தெல்தோட்டையிலிருந்தோ விடியற்காலை பஸ் பிடித்து வந்தவர் "இன்றைக்கு இல்லை" என்ற பதிலோடு திரும்பவேண்டும். அந்த ஒரு கிழமையைத் தடுப்பது உதிரிப்பாகம் உடனே வரச்செய்யும் பராமரிப்பு ஒப்பந்தமும், கதிரியக்கத் தொழில்நுட்பவியலாளருக்கும் மருத்துவப் பௌதிகவியலாளருக்கும் அனுமதிக்கப்பட்ட ஆளணியும்தான். இயந்திரம் வந்த நாளில் படம் எடுத்துக்கொண்டவர்கள் யாரும் அந்த ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டதா என்று திரும்பி வந்து கேட்பதில்லை. நீங்கள் கேளுங்கள்.

கட்டடமும் இயந்திரமும் வேண்டுமென்றால் மக்களே திரட்டிக் கொடுத்த வரலாறு நம் நாட்டில் இருக்கிறது. 2011இல் நாதன் சிவகணநாதனும் சரிந்த உனம்புவேயும் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறைவரை நடந்து, தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் பணம் சேர்த்தார்கள். 2016இல் வடக்கிலிருந்து தெற்குக்கு நடந்து காலி கராப்பிட்டியவுக்குச் சேர்த்தார்கள். அதே 2016இல் எம்.எஸ்.எச். மொஹமட் முன்னின்று, மஹரகம வைத்தியசாலைக்குப் பெட் ஸ்கேன் இயந்திரம் வாங்க ஊர் ஊராகப் பணம் திரட்டினார். உண்டியல் குலுக்கியவர்களில் எல்லாச் சாதி சமயத்தாரும் இருந்தார்கள். ஏறத்தாழ 20 கோடி ரூபா சேர்ந்தது. கையெடுத்துக் கும்பிடவேண்டிய காரியம்.

ஆனால் பெட் ஸ்கேன் வெறும் இயந்திரத்தால் ஓடுவதில்லை. நோயாளிக்கு ஏற்றும் கதிரியக்க மருந்தின் வீரியம் இரண்டு மணித்தியாலத்துக்குள் பாதியாகிவிடும். அதை வாங்கிச் சேமித்து வைக்க வழியே இல்லை. ஸ்கேன் நடக்கும் ஒவ்வொரு நாளும் அதைப் புதிதாக வரவழைக்கவேண்டும். அந்தச் செலவை எத்தனை உண்டியல் வைத்தாலும் வருஷக்கணக்காகத் தாங்க முடியாது. அதைத் தாங்கவேண்டியது திறைசேரி. அந்தக் காசைக் கேட்கத்தான் பிரதிநிதி வேண்டும்.

4. காலம் பார்த்துக் கேளுங்கள். நவம்பரில் வரவு செலவுத் திட்டப் பேச்சு தொலைக்காட்சியில் வரும்போதுதான் எல்லோருக்கும் கடிதம் எழுதும் ஞாபகம் வரும். அப்போது சமையல் முடிந்து பரிமாறத் தொடங்கியிருப்பார்கள். வைத்தியசாலையும் அமைச்சும் அடுத்த ஆண்டுக்கான மதிப்பீட்டை வருஷத்தின் நடுப்பகுதியில் எழுதுகின்றன. மே, ஜூன் மாதங்களில் உங்கள் கடிதம் மேசையில் இருந்தால்தான் அதில் ஒரு வரி ஏற வாய்ப்புண்டு. நவம்பர், டிசம்பருக்கு வேறு வேலை இருக்கிறது. குழுநிலை விவாதத்தில் சுகாதார அமைச்சின் செலவுத் தலைப்பு, 111 என்ற இலக்கம், விவாதத்துக்கு வரும் நாளைத் தெரிந்துகொண்டு, அன்று பேசப்போகும் எம்.பி.யின் கையில் அரைப் பக்கக் குறிப்பு ஒன்றைக் கொடுங்கள். பேச ஏதாவது விஷயம் கிடைக்காதா என்று அவரும் தேடிக்கொண்டிருப்பார். தேர்தல் வந்தால் நாட்கள் மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள். 2025க்கான திட்டம் அந்த ஆண்டு பெப்ரவரி 17இல்தான் வாசிக்கப்பட்டது. 2026க்கானது வழமைபோல நவம்பரில் வந்தது.

5. கடிதம் ஒரு பக்கம். ஒரு கோரிக்கை. கோரிக்கை முதல் வாக்கியத்திலேயே வரட்டும். "உலகெங்கும் புற்றுநோய் பெருகிவரும் இக்காலகட்டத்தில்" என்று தொடங்கும் கடிதத்தை எம்.பி.யின் இணைப்புச் செயலாளர் இரண்டாம் வரிக்கு அப்பால் வாசிப்பதில்லை. இப்படி எழுதலாம்:

"கண்டி தேசிய வைத்தியசாலையின் கதிர்வீச்சு இயந்திரத்துக்கு அடுத்த ஆண்டு முழுவதற்கும் பராமரிப்பு ஒப்பந்தம் உண்டா, அதற்கு ஒதுக்கப்படும் தொகை எவ்வளவு என்று சுகாதார அமைச்சரிடம் வாய்மூல விடைக்கான வினாவாகத் தாங்கள் கேட்கவேண்டும் என்று வேண்டுகிறோம்."

அவ்வளவுதான். இதற்குக் கீழே யார் கேட்கிறீர்கள், எந்தக் கிராமசேவகர் பிரிவு, ஏன் கேட்கிறீர்கள் என்று ஐந்தாறு வரி எழுதினால் போதும். தமிழில் எழுதுங்கள். அரச அலுவலகத்திடமிருந்து தமிழில் பதில் பெற அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உங்களுக்கு உரிமை தந்திருக்கிறது. அதேவேளை நல்ல சிங்களத்தில் ஒரு பிரதியும் கூடவே வையுங்கள். உரிமை இருக்கிறது என்பதற்காக, மொழிபெயர்க்க ஆள் தேடி உங்கள் கடிதம் மூன்று மாதம் லாச்சியில் கிடக்கவேண்டிய அவசியமில்லை. பதிவுத் தபாலில் அனுப்பித் துண்டை வைத்துக்கொள்ளுங்கள்.

6. பன்னிரண்டு பேருக்கும் எழுதுங்கள். கண்டி மாவட்டத்துக்கு 12 ஆசனம். 2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்திக்கு 9, ஐக்கிய மக்கள் சக்திக்கு 2, புதிய ஜனநாயக முன்னணிக்கு 1 கிடைத்தன. "நம்ம ஆள்" ஒருவரை மட்டும் பிடித்துக்கொள்ளும் பழக்கம் நமக்கு ஊறிப்போனது. காசு ஒதுக்க வைக்கும் கை ஆளும் கட்சியிடம் இருக்கிறது. கேள்வி கேட்டு அமைச்சரின் பதிலை ஹன்சார்ட்டில் ஏற்ற எதிர்க்கட்சிக்காரருக்குத்தான் ஆர்வம் அதிகம். உங்களுக்கு இரண்டு பேரும் வேண்டும். கூட்டத்துக்குப் போகும்போது கட்சி நிறத்தில் சட்டை போட்ட ஒருவரையும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

சுகாதார அமைச்சரே நம் மாவட்டத்துக்காரர் என்றால் எல்லாம் நடந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு 2022 மார்ச்சை நினைவூட்டுவேன். அப்போதைய அமைச்சர் கண்டி மாவட்ட எம்.பி.தான். அந்த மாதக் கடைசியில் மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனை வைத்தியசாலை திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்தவேண்டி வந்தது. அந்த நேரம் கொழும்புக்கு வந்திருந்த இந்திய வெளிவிவகார அமைச்சர் ஜெய்சங்கர் செய்தியைப் பார்த்துவிட்டு, எப்படி உதவலாம் என்று கேட்கும்படி தங்கள் உயர்ஸ்தானிகருக்குப் பகிரங்கமாகவே எழுதினார். உள்ளூர்க்காரர் என்ற உறவுக்கு இல்லாத வேகம், தெளிவாக எழுதப்பட்ட ஒரு செய்திக்கு இருந்தது.

7. இணைப்புச் செயலாளரைச் சின்ன ஆள் என்று நினைக்காதீர்கள். பாராளுமன்றம் கூடும் கிழமைகளில் செவ்வாய் தொடக்கம் வெள்ளி வரை எம்.பி. ஊரில் இருக்கமாட்டார். அவருடைய பைலைக் கட்டி வைப்பது இவர்தான். பெயர் தெரிந்து, வயதுக்குத் தக்கபடி "அண்ணன்", "மிஸ்" என்று கூப்பிட்டு, போன மாதம் கொடுத்த கடிதம் எந்தக் கட்டில் இருக்கிறது என்று கேட்கப் பழகுங்கள்.

8. வைத்தியசாலைக்குள் இருக்கிறவர்களை மாட்டிவிடாதீர்கள். எது குறைகிறது என்று அவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும். ஆனால் அரச ஊழியர் வாய் திறப்பதற்குத் தாபன விதிக்கோவை கட்டுப்பாடு வைத்திருக்கிறது. தாதி ஒருவர் அனுதாபத்தில் சொன்னதை "வைத்தியசாலை வட்டாரம் தெரிவித்தது" என்று எழுதினால், அடுத்த நாள் அவரிடம்தான் விளக்கம் கேட்பார்கள். சொன்னதை வைத்துக்கொண்டு, அதையே கேள்வியாக மாற்றித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அது. பதில் அலுவலக முத்திரையோடு வரும். அதை யார் மேசையிலும் வைக்கலாம்.

9. பெரிய இயந்திரத்தைப் பற்றிப் பேசுகிற வேகத்தில் வாயை மறந்துவிடாதீர்கள். இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாயில் வருவது. பாக்கும் புகையிலையும் சேர்ந்த வெற்றிலைக் கூறுதான் முதல் குற்றவாளி. புகையிலை இல்லாத வெறும் பாக்குக்கூடப் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வகைப்படுத்தியது. மெல்லும் புகையிலை உற்பத்திகளின் விற்பனையை இலங்கை 2016 செப்டம்பரில் தடை செய்தது. இருந்தும் மலையில், மழையில், குளிரில் கொழுந்து பறிக்கிறவர்களுக்கு வெற்றிலை பசியையும் களைப்பையும் மறக்கும் வழி. "போடாதே" என்று மேடையில் சொல்லிவிட்டு இறங்குகிறவர்களுக்கு அது தெரியாது.

வாய்ப் புற்றுநோயில் ஒரு நல்ல பக்கமும் உண்டு. வெள்ளைத் திட்டாகவோ சிவப்புத் திட்டாகவோ, வாய் திறக்கக் கஷ்டமாகவோ முன்கூட்டியே அடையாளம் காட்டும். டோர்ச் லைட்டும் பழகிய கண்ணும் போதும். பேராதனைப் பல் மருத்துவ பீடத்து ஆய்வாளர்கள் ஆரம்ப சுகாதார ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து வாயைப் பார்க்க வைத்த முயற்சி, 1984இலேயே உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் வெளியானது. உலகமே எடுத்துப் பார்த்த காரியம் நம் பேராதனையிலிருந்து போனது. அதைத் தோட்டத்துக்குத் தோட்டம் வருஷந்தோறும் நடத்தக் காசு கேட்பது உங்கள் கோரிக்கைகளிலேயே மலிவானது.

கேட்கும்போது நேரத்தையும் சேர்த்துக் கேளுங்கள். வேலை நாளில் காலை கிளினிக் வைத்தால் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகும்; நல்ல காலமென்றால் அரைப் பேரோடு போகும். 35 வயதிலும் 45 வயதிலும் கருப்பைக் கழுத்துப் பரிசோதனைக்கு வரச் சொல்கிறோம். உலக சுகாதார நிறுவனமும் 2030க்குள் நூற்றுக்கு எழுபது பெண்களாவது 35 வயதுக்குள் ஒரு முறையும் 45க்குள் இன்னொரு முறையும் பரிசோதிக்கப்படவேண்டும் என்கிறது. சம்பளத்தை விட்டுவிட்டு வா என்று சொன்னால் யார் வருவார்? வெட்டு இல்லாத அரைநாள், அல்லது ஞாயிற்றுக்கிழமை கிளினிக் என்று தெளிவாகக் கேளுங்கள். தோட்டக் கம்பெனியையும் சுகாதாரப் பணிமனையையும் ஒரே அறையில் உட்கார வைக்க எம்.பி.யால் முடியும். அதற்குத் திறைசேரி அனுமதிகூட வேண்டாம்.

10. நோயாளியின் முகத்தைக் கடிதத்தோடு ஒட்டாதீர்கள். முடி கொட்டிய பிள்ளையின் படம் இரக்கத்தைத் தரும், அந்தப் பிள்ளை நாளைக்குப் பள்ளிக்கூடம் போகவேண்டும். "அந்த வருத்தம்" இருந்த வீடு என்று தெரிந்தால் தங்கச்சியின் கல்யாணப் பேச்சுவரை தட்டுப்படும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன. வைத்தியம் முடித்த பெரியவர் யாராவது தானாக முன்வந்து பேசினால், அவரை எம்.பி.யின் முன்னால் கொண்டுபோய் இருத்துங்கள். அவர் பேசட்டும், நீங்கள் பேசாதிருங்கள்.

11. கடிதத்துக்கு என்ன பலம் என்று கேட்கிறவர்களுக்கு ஓர் அமெரிக்கக் கதை. மேரி லாஸ்கர் என்ற அம்மாவும் அவரோடு சேர்ந்தவர்களும் 1969 டிசம்பரில் பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் போட்டு, புற்றுநோயை ஒழிக்கப் பணம் ஒதுக்கும்படி ஜனாதிபதி நிக்சனைக் கேட்டார்கள். 1971 ஏப்ரலில் ஆன் லாண்டர்ஸ் என்ற பெயரில் வந்த பிரபலமான கேள்வி பதில் பத்தி, அந்தப் பத்தியையே வெட்டி உங்கள் செனட்டருக்கு அனுப்புங்கள் என்று வாசகர்களிடம் சொன்னது. லட்சக்கணக்கில் தபால் குவிந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 23இல் புற்றுநோய்ச் சட்டத்தில் நிக்சன் கையெழுத்து வைத்தார். வெட்டி அனுப்பிய பத்தி அங்கே எடுபட்டது தொகையால். நமக்கு அந்தத் தொகை வராது. ஒரே வாசகத்தை அச்சடித்துக் கையெழுத்து மட்டும் வாங்கிய ஐந்நூறு தாள் இங்கே ஒரே கடிதமாகத்தான் எண்ணப்படும். கம்பளையிலிருந்து ஒன்று, மடுல்கலையிலிருந்து ஒன்று, கட்டுகஸ்தோட்டைப் பள்ளிவாசல் நிர்வாகத்திடமிருந்து ஒன்று, ஹந்தானைத் தோட்டத்து மாதர் சங்கத்திடமிருந்து ஒன்று என்று, ஒவ்வொன்றும் சொந்தக் கையெழுத்தில் ஒரே கோரிக்கையோடு வந்தால் செயலாளர் தனிப் பைல் திறப்பார்.

பொறுமைக்கு இன்னொரு பெயரையும் சொல்கிறேன். முத்துலட்சுமி ரெட்டி 1927இலேயே சென்னைச் சட்டசபைக்குள் போன முதல் பெண். தங்கையைப் புற்றுநோய்க்குக் கொடுத்தவர். சபைக்குள் இருந்து பழகிய அவருக்கே அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் திறக்க 1954 ஆயிற்று. போன வருஷம் தொடங்கிய நீங்கள் அதற்குள் சலித்துக்கொள்கிறீர்கள்.

12. எம்.பி. ஏதாவது செய்தால் நன்றிக் கடிதம் எழுதுங்கள், பிரதியைப் பத்திரிகைக்கும் அனுப்புங்கள். படமும் எடுத்துக்கொள்ளட்டும். மீண்டெழும் செலவுக்காகப் பேசிய ஒருவருக்கு ரிப்பன் கிடைக்காது, பாராட்டாவது கிடைக்கட்டும்.

13. எழுத்துக்கும் கேள்விக்கும் அசையவில்லை என்றால் பொதுமனு ஒன்று போடலாம். எம்.பி. ஒருவர் மூலமாகத்தான் அதைப் பாராளுமன்றத்துக்குச் சமர்ப்பிக்க முடியும். அங்கிருந்து பொதுமனுக்கள் பற்றிய குழுவுக்குப் போகும். குழு அதிகாரிகளைக் கூப்பிட்டு விசாரிக்கும். கொள்வனவில் குளறுபடி என்று ஆதாரத்தோடு தெரிந்தால் அது கணக்காய்வாளர் நாயகத்துக்கும் அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழுவுக்கும் உரிய விஷயம். 2023இல் வெளிவந்த தரமற்ற மருந்துக் கொள்வனவு விவகாரம் வழக்குவரை போனதை எல்லோரும் பார்த்தோம். ஆதாரமில்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள். ஒரு பொய்க் குற்றச்சாட்டு போதும், உங்கள் மற்றக் கடிதங்களையும் ஒருவரும் பிரிக்கமாட்டார்கள்.

14. ஜனவரியில் ஒருவர் உட்கார்ந்து அச்சிட்ட மதிப்பீட்டைப் பார்க்கவேண்டும். கணக்கில் பழக்கமுள்ள பிள்ளை ஒன்றை அதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்டது அதில் தனி வரியாக அநேகமாக இருக்காது, ஏதாவது பெரிய தலைப்புக்குள் கரைந்திருக்கும். அப்போது வைத்தியசாலையின் தகவல் அலுவலருக்கு மூன்று கேள்வி எழுதுங்கள்: போன ஆண்டு இதற்கு எவ்வளவு கேட்டீர்கள், எவ்வளவு ஒதுக்கினார்கள், அதில் எவ்வளவு உண்மையில் கைக்கு வந்தது. ஒதுக்கிய காசு முழுவதும் வந்து சேரும் என்று நினைக்காதீர்கள், மூன்றாவது கேள்வியின் பதிலில்தான் விஷயம் இருக்கும். பதினான்கு வேலை நாளுக்குள் முடிவு சொல்லவேண்டும். பதில் கிடைத்ததும் மே மாதக் கடிதத்தில் முதல் வரியாக அந்த மூன்று தொகைகளையும் போடுங்கள்.